மனையில் பிழைத்தலும் மன்றில் பொய்த்தலும்

மருதமுனை தொடக்கம் பொத்துவில் வரை நீளும் அம்பாறைக் கரையோரத்தில் தேர்தற் காலந்தோறும் இருவகைப் பேச்சு எழுவது வழக்கம். ஒன்று மேடைப் பேச்சு. மற்றையது கடைத்தெருப் பேச்சு. மேடையிலே பிரதேச செயலகமும் நகரசபையும் துறைமுகமும் தொழில்வாய்ப்பும் வாக்குறுதிகளாகப் பொழியும். கடைத்தெருவிலே வேட்பாளரின் வீட்டு விவகாரம் ஆராயப்படும். யார் எங்கே இரண்டாங் குடித்தனம் வைத்திருக்கின்றார், யாருடைய வாகனம் எந்த ஒழுங்கையில் எத்தனை மணிக்கு நின்றது என்பன தேநீர்க் கோப்பையுடன் பரிமாறப்படும். மொட்டைக் கடிதங்களும் பெயரில்லாத் துண்டுப்பிரசுரங்களும் இரவோடிரவாகக் கதவிடுக்குகளிற் செருகப்படும். தேர்தல் முடிந்த பின்னர் மேடையிற் சொன்னவை மறக்கப்படும்; கடைத்தெருவிற் சொன்னவை மட்டும் தலைமுறைக்கும் நிலைக்கும். இந்தத் தலைகீழான நினைவாற்றலே ஈண்டு ஆராயப்படும் பொருளாகும்.

தலைவனொருவன் மனைவிக்குத் துரோகம் இழைத்தால் அவன் தலைமைக்குத் தகுதியற்றவன் ஆகின்றானா? மக்களுக்குப் பொய்யுரைத்தால் ஆகின்றானா? இவ்விரு வினாக்களையும் பொறுத்தவரை சமுதாயத்திலே இரு சாரார் உளர். வீட்டில் உண்மையாய் இராதவன் நாட்டில் எங்ஙனம் உண்மையாய் இருப்பான் என வினவி, ஒழுக்கத்தையே ஒரே உரைகல்லாகக் கொள்வோர் ஒரு சாரார். அந்தரங்கம் அவரவர் உரிமை, அரசியல் என்பது தந்திரங்களின் களம், ஆதலால் இரண்டையுமே பெரிதுபடுத்தலாகாது என்போர் மற்றொரு சாரார். முதற் சாரார் பக்தியின் பெயராலும், இரண்டாஞ் சாரார் நவீனத்துவத்தின் பெயராலும் பேசுகின்றனர். இருசாரார் கூற்றினாலும் இறுதியில் நன்மையடைபவன் மக்களுக்குப் பொய்யுரைக்கும் தலைவனே. முன்னவர் பார்வை படுக்கையறையில் நிலைத்து நிற்பதால் அவன் மன்றத்திலே தப்பிக்கொள்கின்றான். பின்னவர் எதையும் பாராமையால் அவன் எங்குமே தப்பிக்கொள்கின்றான்.

மனைவிக்குத் துரோகம் இழைப்பது சிறு பிழையெனக் கூற எவரும் முன்வரார். அஃது ஒரு பெண்ணின் வாழ்வைச் சிதைக்கும் கொடுமை. மார்க்கத்தின் நோக்கிலே பெரும்பாவம். ஆனால் ஒரு செயல் பாவம் என்பதனாலேயே அதனை விசாரிக்கும் உரிமை ஊரார் அனைவருக்கும் உரியதாகிவிடாது. இஸ்லாம் இவ்விடயத்தில் வகுத்துள்ள வரம்பு கூர்ந்து நோக்கற்பாலது. கற்புடைய பெண்மீது பழி சுமத்துவோர் நான்கு சாட்சிகளைக் கொண்டுவரல் வேண்டும் என்றும், கொண்டுவரத் தவறின் பழி சுமத்தியோருக்கே எண்பது கசையடி என்றும் திருக்குர்ஆனின் அந்நூர் அத்தியாயம் விதிக்கின்றது. பிறர் குறைகளைத் துருவித் தேடுவதையும் புறம் பேசுவதையும் அல்ஹுஜுராத் அத்தியாயம் தடுக்கின்றது. கலீபா உமர் அவர்கள் ஓர் இரவு சுவரேறிக் குதித்து ஒருவனது குற்றத்தைக் கண்டதாகவும், அவனோ கலீபா துருவியறிந்தமையையும் வாயில் வழி வாராமையையும் அனுமதி பெறாமையையும் சுட்டிக்காட்ட, அவர் அதனை ஏற்றுத் திரும்பியதாகவும் மரபிலே ஒரு செய்தி வழங்குகின்றது. ஆட்சியாளனே குடிமகனின் சுவரேறலாகாது என்றால், தேர்தல் முகவர்கள் எதிர் வேட்பாளரின் சுவரேறுவதற்கு எந்த மார்க்கம் அனுமதியளித்தது?

அதே மரபு பொய்யைப் பற்றிக் கூறுவது இதனின் வேறானது. பேசினாற் பொய்யுரைத்தல், வாக்களித்தால் மாறுசெய்தல், நம்பி ஒப்படைத்தால் மோசஞ்செய்தல் ஆகிய மூன்றும் நயவஞ்சகனின் அடையாளங்கள் எனக் கொள்ளும் நபிமொழி இக்கரையோரத்து மத்ரஸாச் சிறுவர்க்கும் மனப்பாடம். இம்மூன்றையும் கண்டறிவதற்கு எவரும் சுவரேற வேண்டியதில்லை. அவை பகல் வெளிச்சத்திலே, ஒலிபெருக்கியின் முன்னிலையிலே நிகழ்வன. சாட்சிகள் நால்வரல்லர், நாலாயிரவர். பாராளுமன்றப் பதிவேட்டிலும் வர்த்தமானியிலும் அச்சேறிக் கிடப்பன. இங்ஙனம் மார்க்கம் மறைக்கச் சொன்னதைத் துருவுவதும், துருவச் சொல்லாமலே வெளிப்பட்டுக் கிடப்பதைக் காணாது விடுவதும் எவ்வகைப் பக்தி என்பது புலப்படவில்லை.

தமிழிலக்கிய மரபும் இவ்வேறுபாட்டை அறியாததன்று. காரைதீவு முதலான கிழக்கிலங்கை ஊர்களிலே கண்ணகி வழிபாடு இன்றும் உயிரோடு விளங்குகின்றது. அக்கண்ணகியின் காப்பியத்தில் மனைவிக்குத் துரோகம் இழைத்தவன் கோவலன். எனினும் மதுரை எரிந்தது கோவலன் மாதவிபாற் சென்றமைக்காக அன்று. அரசன் ஆராயாது தீர்ப்பளித்தமைக்காக. கோவலனின் பிழை கண்ணகியின் மனையிலே கண்ணீரானது. பாண்டியனின் பிழை ஊருக்கே நெருப்பானது. இதனினும் நுட்பமான ஒரு செய்தியும் அங்குண்டு. ஊடிச் சென்ற கோப்பெருந்தேவியைத் தணிவிக்க விரையும் வேளையிலேதான் அரசன் பொற்கொல்லனின் சொல்லை நம்பி ஆணையிடுகின்றான். அரசனின் அந்தரங்கம் அவனது செங்கோலைத் தொடாதவரை காப்பியம் அதனைக் குற்றமாக்கவில்லை; தொட்ட கணத்திலே அதனை மன்னிக்கவும் இல்லை. அந்தரங்கம் எப்போது பொதுவிடயமாகின்றது என்னும் வினாவுக்கு இளங்கோவடிகள் அளித்த விடை இதுவே எனலாம்.

உலக வரலாற்றிலிருந்தும் இதற்குச் சான்று காட்டலாம். 1963 மார்ச்சில் பிரித்தானியப் போர்த்துறைச் செயலாளர் ஜோன் புரொபியூமோ, தமக்கும் ஓர் இளம்பெண்ணுக்கும் தகாத தொடர்பு இல்லையெனப் பொதுமக்கள் சபையிலே கூறினார். அது பொய்யென்பது வெளிப்பட, அவ்வாண்டு ஜூனில் பதவி துறந்தார். சபைக்குப் பொய்யுரைத்தமையே அவரது பதவி துறப்புக்கு நேரடிக் காரணமாயிற்று. ஐக்கிய அமெரிக்க ஜனாதிபதி பில் கிளின்ரன் மீது 1998 டிசம்பரில் பிரதிநிதிகள் சபை குற்றம் சுமத்தியதும், சத்தியஞ்செய்து கூறிய பொய்யையும் நீதிக்குத் தடையாக நின்றமையையும் காரணங்காட்டியே. 1999 பெப்ரவரியில் செனற் சபை அவரை விடுவித்தது. இதற்கு மறுதலையாக, ரிச்சட் நிக்ஸனின் இல்லறத்தைக் குறித்து ஊழல் எதுவும் பேசப்பட்டதில்லை. எனினும் வோட்டர்கேட் விவகாரத்திலே நாட்டுக்குப் பொய்யுரைத்த அவர் 1974 ஆகஸ்டில் பதவி துறக்க நேர்ந்தது. வீட்டில் உண்மையாய் இருப்பவன் நாட்டிலும் உண்மையாய் இருப்பான் என்னும் வாய்பாடு இங்கே பொய்த்துப் போகின்றது. அயர்லாந்தின் தலைவர் பார்னெல்லின் வரலாறோ மேலும் துயரமானது. 1890இல் ஒரு விவாகரத்து வழக்கில் அவர் பெயர் அடிபட, அவரது கட்சி இரண்டாகப் பிளந்தது. அயர்லாந்தின் சுயாட்சிக் கோரிக்கை வலுவிழந்தது. ஒரு மனிதனின் இல்லறப் பிழைக்காக ஒரு தேசியப் போராட்டமே விலை கொடுத்தது.

தொலைவிலுள்ள நாடுகளை விட்டு இலங்கையை நோக்கினால் விடயம் மேலும் தெளிவாகும். 1957 ஜூலையில் கைச்சாத்தான பண்டாரநாயக்க–செல்வநாயகம் ஒப்பந்தம் 1958 ஏப்ரலில் கிழித்தெறியப்பட்டது. 1965இல் டட்லி சேனநாயக்க அளித்த உடன்பாடும் நிறைவேறாது போயிற்று. இவ்விரு பிரதமர்களினதும் அந்தரங்க வாழ்வைப் பற்றிய எந்த ஆய்வும் இத்தீவு அதன் பின்னர் சிந்திய குருதியை விளக்க உதவாது. கொடுத்த வாக்கு மீறப்பட்டமையே அதனை விளக்கும்.

கல்முனைப் பிரதேசத்தில் நிகழ்ந்தவற்றை இனி நோக்கலாம். சாய்ந்தமருதுக்குத் தனியான உள்ளூராட்சி மன்றம் வேண்டும் என்பது அவ்வூராரின் நெடுநாட் கோரிக்கை. 2015ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தற் காலத்தில் அது மேடை வாக்குறுதியாயிற்று. நிறைவேறாமையால் 2017இன் பிற்பகுதியில் கடைகள் அடைக்கப்பட்டன. மக்கள் வீதியில் இறங்கினர். 2018 பெப்ரவரித் தேர்தலில் அவ்வூர் கட்சிகளைப் புறக்கணித்துப் பள்ளிவாசலின் ஆதரவு பெற்ற சுயேச்சைக் குழுவுக்கு வாக்களித்தது. 2020 பெப்ரவரி 14இல் நகரசபை ஒன்றினை அமைக்கும் வர்த்தமானி அறிவித்தல் வெளிவந்தது. ஊர் வெடி கொளுத்திக் கொண்டாடியது. சில நாட்களுக்குள்ளேயே அது நிறுத்திவைக்கப்பட்டது. கல்முனை வடக்கு உப பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தக் கோரிய தமிழ் மக்களின் கதையும் இதற்கு வேறானதன்று. 2019 ஜூனில் நடந்த உண்ணாவிரதம் உறுதிமொழிகளின் பேரில் முடிவுற்றது. உறுதிமொழிகளோ உறுதிமொழிகளாகவே நின்றன. இக்கோரிக்கைகளில் எது நியாயமானது என்பது வேறு விவாதம். அருகருகே வாழும் இரு சமூகங்களும் ஒன்றையொன்று ஐயுறும் நிலையைத் தோற்றுவித்தது, இருவரிடமும் சென்று இருவர்க்கும் இனிப்பானதைக் கூறிய அரசியல் நாவே என்பதை மறுப்பதற்கில்லை.

இவையாவற்றினும் ஆழமான காயம் 2020 ஒக்டோபர் 22இல் நிகழ்ந்தது. கோவிட் நோயால் இறந்தோரைக் கட்டாயமாக எரிக்கும் விதி அவ்வேளை நடைமுறையில் இருந்தது. அடக்கஞ் செய்யலாம் என உலக சுகாதார ஸ்தாபனத்தின் வழிகாட்டல் இடமளித்திருந்தும், அவ்வாண்டு ஏப்ரலிலே வர்த்தமானி மூலம் எரித்தல் கட்டாயமாக்கப்பட்டிருந்தது. ஜனாஸாவைக் கழுவிக் கபனிட்டுத் தொழுது மண்ணுக்கு ஒப்படைத்தலைத் தம் இறுதிக் கடமையாகக் கொண்ட மக்கள் தம் பெற்றோரின் சாம்பலைப் பெறுவதா மறுப்பதா எனத் திகைத்து நின்ற நாட்கள் அவை. அந்நாளிலேதான் ஜனாதிபதிக்கு அளவிறந்த அதிகாரம் வழங்கும் அரசியலமைப்பின் இருபதாந் திருத்தம் 156 வாக்குகளால் நிறைவேறியது. எதிரணியிலிருந்து அதற்கு வாக்களித்த எண்மருள் ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரசின் உறுப்பினர் நால்வர். அவர்களுள் எச்.எம்.எம். ஹரீஸ், பைசல் காசிம் ஆகிய இருவரும் திகாமடுல்ல மாவட்டத்திலே ஐக்கிய மக்கள் சக்தியின் தொலைபேசிச் சின்னத்தில் மக்களிடம் வாக்குப் பெற்றவர்கள். கட்சித் தலைவர் ரவூப் ஹக்கீம் எதிர்த்து வாக்களித்தார்.

வாக்குக் கேட்ட பக்கம் ஒன்று. வாக்களித்த பக்கம் மற்றொன்று. தலைவர் ஒருபுறமும் உறுப்பினர் மறுபுறமுமாக நின்றபோது கட்சியின் சொல் எதுவெனக் கேட்கும் உரிமை வாக்காளனுக்கு இல்லையா? 2010 செப்டெம்பரிலும் இதற்கு முன்மாதிரி இருந்தது. அவ்வாண்டு ஏப்ரலில் எதிரணியின் கூட்டிலே தெரிவான அதே கட்சி, ஜனாதிபதியின் பதவிக்கால வரம்பை நீக்கிய பதினெட்டாந் திருத்தத்துக்கு முழுமையாக வாக்களித்தது. இருபதாந் திருத்தத்தை ஆதரித்தோர் தம் செயலுக்கு விளக்கங் கூறாமலில்லை. சமூகத்தின் நன்மைக்காகவே செய்தோம் என்பது அவர்தம் வாதம். ஆயினும் அடக்கஞ் செய்யும் உரிமை மீண்டது 2021 பெப்ரவரி இறுதியிலேயே. இடைப்பட்ட நான்கு மாதங்களிலே பிறந்து இருபது நாட்களேயான ஒரு குழந்தையும் தகனத்துக்கு உள்ளாயிற்று. பொரளை மயானத்தின் வாயிலில் மக்கள் வெள்ளைத் துணி கட்டித் தம் துயரைப் புலப்படுத்தினர். பின்னர் ஓட்டமாவடியிலே அடக்கங்கள் தொடங்கின. 2024 ஜூலையில் அரசாங்கம் மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. எரிந்தவர்கள் மீளவில்லை.

இங்கே ஒரு வினா. வாக்களித்தோருள் ஒருவருக்கேனும் இரண்டாவது குடும்பம் உண்டென்ற வதந்தி எழுந்திருப்பின், ஊர் எத்தனை ஆண்டு அதனைப் பேசியிருக்கும்? இருபதாந் திருத்த வாக்களிப்பை ஊர் எத்தனை நாள் பேசியது? கோபம் இருந்தது உண்மை. ஆனால் அடுத்த மாலை மரியாதைக்கும் அடுத்த திறப்பு விழாவுக்கும் அக்கோபம் தாக்குப்பிடிக்கவில்லை. இந்த ஏற்றத்தாழ்வே இக்கரையோர அரசியலின் நோய். இந்நோயைத் தலைவர்கள் நன்கறிவர். அறிந்தமையாலேயே அவர்கள் வீட்டு வாயிலைக் காப்பதிற் காட்டும் கவனத்தில் பாதியையேனும் வாக்குறுதியைக் காப்பதிற் காட்டுவதில்லை.

மறுதலையான முன்மாதிரியும் இம்மண்ணிலேயே உண்டு. முஸ்லிம் காங்கிரசின் தாபகர் எம்.எச்.எம். அஷ்ரப் 1994ஆம் ஆண்டு உள்ளூராட்சித் தேர்தலின்போது, அம்பாறைக் கரையோரச் சபைகள் அனைத்தையும் தம் கட்சி வெல்லாவிடின் பாராளுமன்றப் பதவியைத் துறப்பதாகச் சூளுரைத்தார். வெற்றி முழுமை பெறவில்லை, சொன்னபடியே துறந்தார். அவரது அரசியலின் ஏனைய கூறுகளை விமர்சிப்போர் உளர், விமர்சித்தலும் தகும். எனினும் ஒரு மேடைச் சொல்லுக்கு விலையுண்டு என்பதை அச்செயல் நிறுவியது. அதே ஆண்டின் ஆகஸ்ட் தேர்தலிலே மக்கள் அவரை மீண்டும் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். வாய்மைக்கு வாக்குக் கிடையாது என்போர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இனி எதிர்வாதங்களை நோக்கலாம். வள்ளுவர் பெண்வழிச் சேறலையும் வரைவின் மகளிரையும் பொருட்பாலிலே அன்றோ வைத்தார், ஆட்சியாளனின் அந்தரங்க ஒழுக்கம் அரசியலுக்கு உரியதென்பதற்கு அதுவே சான்றன்றோ எனச் சிலர் வினவக்கூடும். தகுந்த வினாவே. ஆயின் அவ்வதிகாரங்கள் கண்டிப்பது இச்சையால் அறிவிழந்து கடமை தவறுதலையும் பொருளழிவையுமாம்; பிறன்மனை நயத்தலைத் தனியே கண்டிக்கும் அதிகாரம் இல்லறவியலிலேயே உள்ளது. இரண்டையும் வெவ்வேறு பாலில் வைத்த வகுப்பு முறையே ஈண்டுக் கூறப்படும் வேறுபாட்டுக்கு அரண் செய்கின்றது. வேறு சிலர், குற்றமற்ற நன்மை பயக்கும் பொய் வாய்மையின் இடத்தைப் பெறும் என்ற வள்ளுவர் கருத்தைக் காட்டி அரசியற் பொய்க்கு நியாயம் தேடுவர். பொய்யால் விளைந்த நன்மை யாருக்கு என்று வினவினால் அவ்வாதம் அங்கேயே முடியும். அமைச்சுப் பதவியும் வாகன அனுமதியும் பொய்த்தவனுக்கு, சாம்பல் மக்களுக்கு. இதனைக் குற்றமற்ற நன்மை எனக் கூற வள்ளுவரைத் துணைக்கழைத்தல் அவருக்குச் செய்யும் அவமதிப்பாகும்.

மனைவியை ஏமாற்றுபவன் மக்களையும் ஏமாற்றுவான் என்னும் வாதமே வலிமை மிக்கது. சிலரிடத்து அஃது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் ஊகத்தைக் கொண்டு தண்டிப்பதைவிட, மக்களை ஏமாற்றியமையை நேரடியாகக் கண்டு தண்டிப்பது எளிதன்றோ? நெல் நனைந்துள்ளதா என அறியக் கைப்பிடி நெல்லைக் கடித்துப் பார்ப்பவன், வானத்தைப் பார்த்துக் கணித்துக்கொண்டு நிற்பதில்லை.

ஆதலின் அந்தரங்கத்துக்கு ஒரு வேலி வேண்டும். அவ்வேலிக்கு மூன்று திறப்புக்களும் வேண்டும். முதலாவது, அந்தரங்க உறவு அதிகாரத்தால் விளைந்ததாயின் அஃது அந்தரங்கமாகாது. நியமனம் தேடி வந்த பெண்ணிடம், இடமாற்றத்துக்கு விண்ணப்பித்த ஆசிரியையிடம் அரசியல்வாதி தன் பதவியைக் காட்டி இணக்கம் பெறுவானாயின் அது காமமன்று, ஊழல். ஊழலினும் கொடிய வன்முறை. இரண்டாவது, அதனை மறைக்கப் பொதுப் பணமோ பொது மன்றத்திற் கூறிய பொய்யோ பயன்படுமாயின் அஃது அந்தரங்கமாகாது. மூன்றாவது, பிறர்க்கு ஒழுக்கச் சட்டம் இயற்றுபவனும் ஊர்ப் பெண்களின் நடையுடைக்குக் கட்டளையிடுபவனும் அதே சட்டத்தைத் தானே மீறுவானாயின், அவனது வீட்டுக் கதவை அவனே திறந்துவிட்டவனாகின்றான். இம்மூன்றும் இல்லாதவிடத்து ஊருக்கு அங்கே வேலை இல்லை.

இவ்வேலி தலைவனின் நன்மைக்காக அமைக்கப்படுவதன்று. கரையோரக் கிழக்கிலே தாய்வழிக் குடிமரபு இன்றும் வலுவுடையது. மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்தே மணஞ்செய்விக்கின்றனர். கணவன் அவள் மனையில் வந்து வாழ்கின்றான். ஆகவே ஒரு தலைவனின் அந்தரங்கம் தெருவுக்கு வரும்போது முதலில் உடைவது அவள் வீடு. துண்டுப்பிரசுரத்திலே அவன் பெயரோடு இரு பெண்களின் பெயர்கள் அச்சேறுகின்றன. தேர்தல் முடிந்ததும் அவன் பட்டுச் சால்வையோடு பாராளுமன்றம் செல்கின்றான். அவ்விரு பெண்களும் கிணற்றடிக்கும் செல்ல இயலாதவராகின்றனர். ஒழுக்கத்தைக் காப்பதாகக் கூறி நடத்தப்படும் இவ்வேட்டையிலே பலியாவோர் எந்நாளும் பெண்களே. துரோகம் இழைக்கப்பட்ட மனைவிக்கு நீதி வேண்டுமாயின் அதற்குக் காதி நீதிமன்றம் உண்டு. அங்கே அவளுக்கு விரைவும் மரியாதையும் கிடைக்கச் செய்வதே உண்மையான ஒழுக்கத் தொண்டாகும். அவள் துயரைத் தேர்தற் சுவரொட்டியாக்குவது இரண்டாந் துரோகம்.

பொய்க்குத் தண்டனை என்ன என்ற வினா எஞ்சுகின்றது. சட்டம் சில வழிகளைத் தந்துள்ளது. இருபதாந் திருத்தத்துக்கு வாக்களித்த நால்வருள் ஒருவரான மட்டக்களப்பின் நசீர் அஹமட் பின்னர் கட்சியிலிருந்து நீக்கப்பட்டார். அந்நீக்கம் செல்லுமென உயர் நீதிமன்றம் 2023 ஒக்டோபரில் தீர்ப்பளித்தமையால் அவர் ஆசனத்தை இழந்தார். எனினும் சட்டம் காலந்தாழ்த்தியே வரும். அதுவும் கட்சிகள் விரும்பினாலே வரும். மக்களின் கையிலுள்ள தண்டனை நினைவு ஒன்றே. எந்த மேடையில் யார் எதைச் சொன்னார், எந்த நாளில் எதற்கு வாக்களித்தார் என்பதை ஊர்தோறும் வாசிகசாலைகளும் பள்ளிவாசல் நிருவாகங்களும் இளைஞர் கழகங்களும் பதிந்து வைத்து, அடுத்த தேர்தலிலே அதே மேடையின் முன் வாசித்துக் காட்டுமாயின், பத்து ஒழுக்கப் பிரசங்கங்கள் செய்யாததை அவ்வொரு தாள் செய்யும். ஒலுவிலிலே 1995இல் உருவாகி 1996இல் பல்கலைக்கழகமாக உயர்ந்த உயர்கல்வி நிலையம் இருக்கின்றது; அங்கு பயிலும் இளந்தலைமுறைக்கு இதனைவிடப் பொருத்தமான ஆய்வுப் பணி வேறில்லை.

கடைத்தெருப் பேச்சு நின்றுவிடப் போவதில்லை. அது மேடைப் பேச்சைப் பற்றியதாக மாறட்டும். தலைவனின் வாகனம் எந்த ஒழுங்கையில் நின்றது என்பதை விடுத்து, அவன் கை பாராளுமன்றத்தில் எந்தப் பக்கம் உயர்ந்தது என்பதைத் தேநீர்க் கடையிலே பேசத் தொடங்கும் நாளிற்றான் இக்கரையோரத்து மக்களின் சொல்லுக்குத் தலைநகரில் மதிப்புப் பிறக்கும். தன் வீட்டிற் பிழைத்தவனை அவன் வீடு விசாரிக்கட்டும். ஊருக்குப் பொய்த்தவனை ஊர் விசாரிக்கட்டும்.